கடப்பா கல்லுக்குள்ள ஒரு நாள்: பெலும் குகையும் கண்டிக்கோட்டையும்

ஆந்திரால இருக்கற பெலும் குகைக்குக் கிளம்பினோம், அத்தை உள்ள வர மாட்டேன்னு கார்லயே சொல்லிட்டாங்க. முட்டி வலி ஒரு காரணம், "பிலத்துக்குள்ள போனவன் வழி தெரியாம சுத்துவான்"னு சின்ன வயசுல கதை கேட்டது இன்னொரு காரணம். பையன் உடனே பெலும்னா என்னன்னு கேட்டான், நம்ம கதைல வர்ற பிலம்தான்டா தெலுங்குக்காரங்க வாய்ல அப்படி ஆயிடுச்சுன்னு அத்தை சொன்னாங்க. சரியான விளக்கம்தான், பிலம்னா குகைன்னு தானே அர்த்தம்.

தாடிபத்ரி பக்கம் வந்ததும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கல்லு. பலகை பலகையா அறுத்து சீட்டுக்கட்டு மாதிரி நிக்க வச்சிருக்காங்க, பாலிஷ் பட்டறைல இருந்து வர்ற வெள்ளைத் தூசி மரத்துல எல்லாம் படிஞ்சு கிடக்கு. "இது நம்ம சமையல் மேடை கல்லு இல்ல?"ன்னு அத்தை கண்ணாடிய இறக்கிட்டு எட்டிப் பார்த்தாங்க. அதே தான், கடப்பா கல். இத்தனை வருஷமா அது மேல காய் நறுக்குறோம், அது ஒரு ஊர் பேருங்கறது அப்பதான் உறைச்சுது!

குகைன்னா மலை இருக்கும்னு நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. சுத்தி வெறும் சமவெளி, வெளிய ஒரு பெரிய புத்தர் சிலை, நடுவுல தரைல கிணறு மாதிரி பள்ளம், அதுல படி. அவ்வளவு தான் வாசல். முன்னாடி கர்னூல் மாவட்டமா இருந்துச்சு, 2022ல பிரிச்சதுக்கு அப்புறம் நந்தியால் மாவட்டம். 1884லயே ராபர்ட் புரூஸ் ஃபூட் இதப் பத்தி எழுதி வச்சுட்டார், நம்ம பல்லாவரத்துல 1863ல கற்கால கோடாரிய கண்டெடுத்த அதே மனுஷன். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நூறு வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. 1982, 83ல ஒரு ஜெர்மன் குழு வந்து உள்ள இறங்கி அளந்தாங்க, மொத்தம் 3,229 மீட்டர். 2002ல தான் பொதுமக்களுக்கு திறந்தாங்க, அதுவும் ஒன்றரை கிலோமீட்டர் தான் நாம போகலாம்.

படில இறங்குன அஞ்சாவது நிமிஷம் என் கண்ணாடி மொத்தமா பனி மூடிடுச்சு. குகைக்குள்ள சில்லுனு இருக்கும்னு ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்த அறிவாளி நான், இங்க என்னடான்னா வேர்த்துக் கொட்டுது. இட்லி குண்டான்ல உக்கார்ந்த மாதிரி. அங்கங்க குழாய் வச்சு மேல இருந்து காத்து தள்ளுறாங்க, அந்த குழாய் பக்கத்துலயே குடும்பம் குடும்பமா ஜனங்க நின்னுட்டு நகர மாட்டேங்குறாங்க. தண்ணி பாட்டில் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, காட்டன் துணி போடுங்க, ஸ்வெட்டர் வேண்டாம்.

மேல தனியா உக்கார போரடிச்சதோ என்னவோ, திரும்பிப் பார்த்தா அத்தை எங்க பின்னாடி கம்பியப் பிடிச்சுட்டு ஒவ்வொரு படியா இறங்கி வந்துட்டு இருக்காங்க!

சுவரைத் தொட்டுப் பார்த்தாங்க. வழவழன்னு, கருஞ்சாம்பல் நிறம், தண்ணி அரிச்ச வளைவு வளைவா வரி. "இவ்வளவு கெட்டிக் கல்ல தண்ணி எப்படிடி அரிக்கும்?" எனக்கு சட்டுன்னு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டு மேடைய துடைக்காம தூங்கிட்டேன், காலைல கல்லு மேல வெளுத்துப்போய் ஒரு வட்டம், என்ன தேச்சும் போகல, அதுக்கு நான் வாங்குன திட்டு இன்னும் முடியல. அதே கதை தான் அத்தை இதுன்னேன். கடப்பா கல் சுண்ணாம்புக்கல், புளிப்பு பட்டா கரையும். மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு லேசா புளிச்சுடும், சோடால இருக்கற அதே அமிலம் தான், ரொம்ப நீர்த்தது. அது கல் இடுக்குல இறங்கி லட்சக்கணக்கான வருஷம் கரைச்சா முதல்ல கோடு, அப்புறம் சந்து, அப்புறம் இந்த மண்டபம். கரைஞ்ச சுண்ணாம்பு எங்கயாவது சொட்டுற இடத்துல திரும்பப் படிஞ்சு விழுது மாதிரி தொங்கும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நான் உன்ன திட்டுனது சரிதான்"னாங்க.

கோடிலிங்கம்னு ஒரு இடம், அந்த விழுதுங்க எல்லாம் கொத்துக் கொத்தா லிங்கம் மாதிரி, அத்தை அங்க கன்னத்துல போட்டுக்கிட்டு நகரவே இல்ல. எனக்கு அத விட பாதாளகங்கை தான் பிடிச்சுது. குகைலயே ஆழமான இடம், வாசல் மட்டத்துல இருந்து 46 மீட்டர் கீழ. போற வழில கூரை தாழ்வு, குனிஞ்சே போகணும், என் வீட்டுக்காரர் ஆறடி, ரெண்டு தடவ மண்டைல இடிச்சுக்கிட்டார். நடுவுல ஒரு இடத்துல எனக்கு முன்னாடியும் ஆள் பின்னாடியும் ஆள், மூச்சு முட்டுற மாதிரி ஆயிடுச்சு, வெக்கத்த விட்டு சொல்றேன், பையன் சட்டையப் பிடிச்சுட்டு தான் நடந்தேன். கடைசில பார்த்தா ஒரு சின்ன நீரோட்டம். சத்தமே இல்லாம வந்து சத்தமே இல்லாம பாறைக்குள்ள போயிடுது. இவ்வளவு வேலைய செஞ்சது இந்த மாதிரி தண்ணியான்னு நம்பவே முடியல. இப்பவும் செஞ்சுட்டு தான் இருக்கு.

சாயங்காலம் கண்டிக்கோட்டை. அங்க பெண்ணாறு செவந்த பாறைய அறுத்துட்டுப் போற பள்ளத்தாக்கு தான் எல்லா ரீல்ஸ்லயும் வருது. கண்டின்னா தெலுங்குல அந்த பிளவு தான். ஆனா கூட்டம் மொத்தம் அந்த விளிம்புல போட்டோ எடுக்குது, தடுப்பு எதுவும் பெருசா இல்ல, பையன் கைய விடவே இல்ல நான். கோட்டைக்குள்ளயே ஒரு கிராமம் இன்னும் இருக்குங்கறத யாரும் சொல்றதில்ல. இடிஞ்ச மதிலுக்கும் வீட்டு சுவருக்கும் ஒரே கல், ஆடு ஒண்ணு பீரங்கித் துளைல தலைய விட்டு பார்த்துட்டு இருக்கு. மாதவராய சாமி கோவில் கோபுரம் ஒரு பக்கம், ஜாமியா மசூதி ஒரு பக்கம், பக்கத்துல தானியக் கிடங்கு. பெம்மசானி நாயக்கர்கள் கைல இருந்த கோட்டைய கோல்கொண்டா மந்திரி மீர் ஜும்லா பிடிச்சார், 1652ல டவர்னியர்ங்கற பிரெஞ்சு வைர வியாபாரி அவரப் பார்க்க இங்க வந்திருக்கார். கிடங்குக்குள்ள நின்னு கத்துனா எதிரொலிக்குது. பையன் கத்துனான். நாங்களும் கத்துனோம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சமையல் ரூம்ல ஒரே சத்தம். பையன் ஃப்ரிட்ஜ்ல இருந்த எலுமிச்சம்பழத்த எல்லாம் எடுத்து மேடைல பிழிஞ்சுட்டு கன்னத்துல கைய வச்சு உக்கார்ந்திருக்கான், குகை வருதான்னு பார்க்கறானாம். அத்தை கைல துணியோட, "பிலமும் வேண்டாம் கிலமும் வேண்டாம், முதல்ல துடைடா அத!"