டாப்ஸ்லிப்பில் படிக்கட்டு தேடியவன்

நாங்கள் முதலமடைக்காரர்கள். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். பரம்பிக்குளமும் எங்கள் பஞ்சாயத்துக்குள்தான் வருகிறது. அங்கே பஸ்ஸில் போக வேண்டுமென்றால் கோவிந்தாபுரத்தில் எல்லை தாண்டி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றி, ஆனப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சொந்தப் பஞ்சாயத்துக்குப் போக இரண்டு மாநிலச் செக்போஸ்ட்!

அப்பா ஒரு காலத்தில் கூப்பு லாரியில், அதாவது காட்டில் வெட்டிய மரத்தை ஏற்றி வரும் லாரியில், கிளீனர். "வெள்ளைக்காரன் காலத்துல மலை மேலயிருந்து தேக்குத் தடியக் கீழ விடுவாங்க" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு, பழனி மலையில் இருப்பது மாதிரி ஒரு கல் படிக்கட்டை மனசுக்குள் நானே கட்டி வைத்திருந்தேன். போன மாதம் டாப்ஸ்லிப் போனபோது, கூட வந்த மலசர் பழங்குடி அண்ணன் ஒருவரிடம் "அந்தப் படி எங்கேண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உண்ணிச்செடி மண்டிக் கிடந்த சரிவைக் கையால் காட்டினார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். வெட்டிய தடிகளை யானைகள் மலை விளிம்பு வரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் சறுக்கிவிடுவார்கள். ஊர்ப்பெயரே அதில் வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தேக்கு பம்பாயில் கப்பல் கட்டப் போனது. பிற்பாடு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போனது.

கொச்சி சமஸ்தானம் தன் பங்கு மரத்துக்கு வேறு வழி பார்த்தது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் டிராம் பாதை. 1907இல் ஓட ஆரம்பித்தது. செங்குத்தான இடங்களில் எஞ்சினுக்கு வேலை இல்லை. ராட்டினத்தில் இரண்டு பக்கமும் குடம் கட்டினால் எப்படியோ அப்படி: தடி ஏற்றிய வண்டி இறங்கும் கனத்தில், கயிற்றின் மறுமுனையில் காலி வண்டி மேலே ஏறும். எனக்கு இதில்தான் ஆச்சரியம் அடங்கவில்லை. மரம் தன் பாரத்தாலேயே அடுத்த மரத்துக்கு வண்டி வரவழைக்கிறது! 1963இல் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவு வெட்டியும் பரம்பிக்குளம் காட்டில் தூணக்கடவு பக்கம் கன்னிமரா தேக்கு என்ற ஒரு பெரிய மரம் மட்டும் நிற்கிறது. சுற்றளவு 7 மீட்டர் இருக்கும். கோடாரி பட்டதும் ரத்தம் வந்ததாம், அதனால் விட்டுவிட்டார்களாம். கதையோ என்னவோ, மரம் பிழைத்தது. டாப்ஸ்லிப்பைச் சுற்றி இன்று நாம் காடு என்று பார்ப்பதில் நிறைய, ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி 1915க்குப் பிறகு நட்டு வளர்த்த தேக்கு. அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இரவு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"படியா? நா எப்படா படின்னு சொன்னேன்? படியில உருட்டுனா தடியா வரும், வெறகாத்தான் வரும்."