விட்டுப்போன இட்டேரி ஒருவழியாகச் சேர்ந்தது

இட்டேரி என்றால் இரு கரையிலும் உயிர்வேலி நிற்க, நடுவே போகும் வண்டித்தடம். பள்ளத்துக்குக் கிழக்கே அறுந்துபோய் நின்ற இட்டேரியும், மேற்கே பழைய தொட்டிக்கட்டு வீட்டு (நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய வீடு) வாசலில் தொடங்கும் இட்டேரியும் ஒரே தடம்தான். இந்த வாரம் அது உறுதியாகிவிட்டது. நடுவில் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்குச் சீமைக்கருவேலமும் சோளக்காடும்தான். தடம் இருந்த சுவடே மேலுக்குத் தெரியாது. சென்னிமலைக்குத் தெற்கே நொய்யலைத் தாண்டி, காங்கேயம் வரைக்கும் நடந்து நடந்து நான் போட்டுவரும் இட்டேரிப் படத்தில் ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்திய இடைவெளி இது. அதனால் இந்த மகிழ்ச்சியை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

செயற்கைக்கோள் படம் இந்த வேலைக்கு ஆகாது. கருவேலம் மூடிய இடத்தில் மேலிருந்து பார்த்தால் வெறும் பச்சைதான். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு இரட்டைக்கோடாகத் தெளிவாகவே இருக்கிறது. அதைத் தரையோடு பொருத்துவதில்தான் பாதி உயிர் போய்விடுகிறது. பழைய தாள்கள் 1 மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் சுமார் 4 மீட்டர். ஒரு வண்டி போகிற இட்டேரிக்கு முழு அகலமே அவ்வளவுதான். பென்சில் கோடு கொஞ்சம் தடித்தாலே தடம் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிடும்.

நகலெடுப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். உருளையில் இழுத்து நகலெடுக்கும் எந்திரம் தாளை நீளவாட்டில் சற்று நீட்டிவிடும். ஈரோட்டில் ஒரு கடையில் எடுத்த நகல் அப்படித்தான் வந்தது, கேட்டால் எந்திரமே அப்படித்தான் என்றார்கள். கொடுப்பதற்கு முன்னால் நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று என்று 30 செ.மீ. கோடு போட்டுக்கொள்ளுங்கள். வந்த நகலில் அந்த இரண்டையும் அளந்தால் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பொருத்துவதற்கான புள்ளிகள். வீட்டு மூலை, கிணற்று மேடு, ரோட்டு வளைவு என்று பலரும் எடுக்கிறார்கள். நான் அவற்றைத் தொடுவதே இல்லை. ரோடு அகலமாகும், கிணற்று மேட்டுக்கு மேலும் மண் விழும். மூன்று கிராம எல்லை கூடும் இடத்து முச்சந்திக்கல்தான் நம்பத் தகுந்தது. அதைத் தேடிப் பிடிப்பதே ஒரு தனி நடை. பெரும்பாலும் வேலி மூலையில் நாயுருவிக்குள் தலை மட்டும் தெரியும். மண்ணைத் தள்ளி, தேங்காய் நாரால் தேய்த்தால் உளிக்குறி வெளியே வரும். குறியின் மேலேயே போனை வைத்துப் பத்து நிமிடம் சராசரி எடுக்கிறேன். இன்னொரு நாள் வேறு நேரத்தில் வந்து மறுபடியும் எடுக்கிறேன். செயற்கைக்கோள்கள் நிற்கும் இடம் மாறியிருக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டால் நம்பிக்கை வருகிறது.

நகலைத் தரைப்புள்ளிகளோடு பொருத்த க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் தாளை ரப்பர் மாதிரி வளைத்துப் பொருத்தும் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' முறையைப் போட்டால் எல்லாப் புள்ளியும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பார்க்க அழகுதான், ஆனால் எந்தக் கல் பொய் சொல்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. தாளை வளைக்காமல் ஒரே சீராக நீட்டித் திருப்பிப் பொருத்தும் 'பாலினோமியல் 1' போடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு விலகல் என்று எண் வரும். எனக்கு மற்றக் கற்கள் எல்லாம் 3, 4 மீட்டருக்குள் ஒத்துப்போக, ஒன்று மட்டும் 11 மீட்டர் தள்ளி நின்றது. போய்ப் பார்த்தால் அடிமண் பொலபொலவென்று இருந்தது. உழவில் பெயர்ந்த கல்லை யாரோ வேலியோரமாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதை நீக்கியதும் இரட்டைக்கோடு சோளக்காட்டின் தென் ஓரத்தில் போய் விழுந்தது.

அந்த ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, ரோடு எடுக்கறதுக்கு அளக்கறீங்களா?"

"இல்லீங்கய்யா, பழைய இட்டேரி எங்க போச்சுன்னு பாக்கறனுங்க."

"அட, அதுங்களா! எங்கய்யன் காலத்துல பருத்தி வண்டி பூராவும் இதுலதான் போகுமுங்க. அந்தக் கிளுவையப் புடிச்சுட்டே போங்க, பள்ளத்துல எறக்கம் தெரியும்."

கோடைக் கிளுவை, இலை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வரிசை பளிச்சென்று தெரிந்தது. கிளையை வெட்டிப் போத்தாக நட்டு வளர்த்த வேலி காட்டுக்கு நடுவில் தன்னந்தனியாக நேர்கோட்டில் நிற்கிறதென்றால் அது இட்டேரியின் ஒரு கரை. மழைக்குப் பிறகு போனால் பிரண்டையும் கோவையும் சங்கஞ்செடியும் மூடி எல்லாம் ஒன்றாகிவிடும். பெரியவர் சொன்ன இறக்கத்தில் ஒரு பாறை. அதில் சக்கரப்பட்டை தேய்த்த இரண்டு பள்ளங்கள், விரல் வைத்தால் முதல் கணு வரை இறங்குகிறது. நடுவுக்கு நடு அளந்தால் நாலே முக்கால் அடி. இரட்டைக்கோடும் அதே பாறைமேல்தான் போகிறது. எங்கள் அப்பாரும் காங்கேயம் சந்தைக்கு வண்டி பூட்டிப் போனவர்தான். பாறையில் கை வைத்தபோது அவர் நினைப்பு வந்தது.

மேற்குக் கோடியில் இருக்கும் வீட்டில் ஆசாரத்துத் (கூடத்துத்) தூண்கள் நன்றாக இருக்கின்றன, அட்டாலி (பரண்) சரிந்துவிட்டது. முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு, முன்தாழ்வாரத்தில் மட்டும் ஆலையில் அச்சில் அடித்த சீமை ஓடு. சீமை ஓட்டில் வருடம் பொறித்திருந்தால் அதையே வீட்டின் வயதாக எழுதிவிடாதீர்கள். அது ஆலை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865இல். சென்னையிலிருந்து கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேய்ப்பூர் வரை ரயில் 1862இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மேற்குக் கடற்கரை ஓடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலேறி வந்து, கடைசியில் இந்த மாதிரி இட்டேரியில் மாட்டுவண்டியில்தான் வீடு சேர்ந்திருக்க வேண்டும். இந்த வீட்டுத் தரைப்படம் இன்னும் பாதியில் நிற்கிறது. தொட்டியின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து முடித்தால்தான் மேலே போகலாம்.

வீடு இடிந்தால் நாலு பேராவது வருத்தப்படுகிறார்கள். இட்டேரி போவதை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குத் தெற்கே இருக்கும் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) வெள்வேலும் கொழுக்கட்டைப்புல்லும் இன்னும் செழிப்பாக நிற்கின்றன, மாடுகளும் மேய்கின்றன. ஆனால் ஒரு பக்கக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். கௌதாரிக்கும் கீரிக்கும் இருந்த ஒதுங்கிடம் அதோடு போயிற்று. கம்பி வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் குறித்து வருகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நொய்யலின் வடகரையில் கொடுமணல் பக்கம் தொடங்க எண்ணம். இரும்பு உருக்கிய உலையும் கல்மணிகளும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்த ஊர். அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் கரையோரத் தடங்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் முச்சந்திக்கல் எதையாவது பார்த்தவர்கள் எந்தெந்த ஊர் எல்லை என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் நடந்து கண்டுபிடித்துக்கொள்கிறேன்.