பெட்டியில் பொருந்தாத கத்தி

பழைய அறுவைக் கருவிப் பெட்டி பராமரிப்புக்கு வந்தால், முதலில் கவனிக்க வேண்டியது கத்தியை அல்ல, அது கிடந்த பள்ளத்தை. 19ஆம் நூற்றாண்டின் நல்ல பெட்டிகளில் மஹோகனி மரத்துக்குள் ஒவ்வொரு கருவியின் வடிவுக்கும் குழி அமைத்து வெல்வெட் ஒட்டியிருப்பார்கள். நெடுங்காலம் கருவி அழுந்திய இடத்தில் துணி நசுங்கி, நிறம் மாறியிருக்கும். கத்தி அந்தத் தடத்துக்குப் பொருந்தாவிட்டால் பின்னால் சேர்த்தது என்று சந்தேகிக்கலாம். தொலைந்ததற்கு மாற்றாக மருத்துவரே வேறு கடையில் வாங்கி வைத்ததாகவும் இருக்கலாம். அதை நான் குறையாக எண்ணுவதில்லை. புழங்கிய பெட்டி அப்படித்தான் இருக்கும்.

கால், கை நீக்கும் தொகுதியில் லிஸ்டன் கத்தி நீளமானது. கேட்லின் என்ற கத்திக்கு இருபுறமும் கூர். முழங்காலுக்குக் கீழே இரட்டை எலும்புகளின் இடையிலுள்ள தசையை அறுக்க அது வேண்டும்.

கைவினையின் உச்சம் என்றால் மண்டையோட்டைத் துளைக்கும் ட்ரிஃபைன்தான். அதன் வட்ட ரம்பத்தின் நடுவில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் வழுக்காமல் தடம் பிடிக்கும் வரைதான் அது தேவை. பிறகு உள்ளிழுக்காவிட்டால், ரம்பத்துக்கு முன்பே ஊசி மூளையுறையைக் குத்திவிடும். ரம்பம் திடீரென உள்ளே பாயாதபடி சிலர் அதை மேல்நோக்கி அகலும் கூம்பாகவும் செய்தார்கள். பற்களில் அடையும் எலும்புத்தூளைத் தட்டப் பெட்டியிலேயே ஒரு சிறு தூரிகை உண்டு. பெரும்பாலும் காணாமல் போவது அதுதான்.

கருங்காலிப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கட்டங்கள், இரத்தத்தில் கை வழுக்காமலிருக்க. அதே கீறல்களில்தான் அழுக்கும் தங்கியது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867இல் கிருமிநீக்க முறையை வெளியிட்ட பிறகு, நூற்றாண்டின் இறுதியில் நீராவியில் கருவிகளைத் தூய்மை செய்யும் வழக்கம் பரவியது. மரப்பிடி அதில் வெடிக்கும். முழு உலோகக் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்தன. இரண்டும் கலந்த பெட்டி வந்தால் காலத்தைக் கணிக்க இது உதவும்.

இந்தக் கருவிகளைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் படவே கூடாது. பொடியாக உதிரும் செந்துருவுக்கு ஒரு சொட்டு கனிம எண்ணெய், மூங்கில் சீவல், பஞ்சு போதும். உப்புத்தாள் தேய்த்தால் துருவோடு தயாரிப்பாளர் முத்திரையும் சாணைத் தடமும் போய்விடும். பளபளப்பான கருவியைவிடக் கறுத்த கருவி எனக்கு நம்பகமானது. பித்தளை மெருகுக் களிம்பு கீறல்களில் வெள்ளையாக உறைந்து நிற்கும், எடுப்பது கடினம். வெல்வெட் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், எஃகு காய்ந்து மெழுகு பூசிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். கையுறை கட்டாயம்: வியர்வையின் உப்பு துருவைத் தூண்டும், பழைய கூரும் இன்னும் வெட்டும்.