முதல்வர் மருந்தகம் எடுக்கிறவங்க முதல்ல அளவு டேப்பை எடுங்க

முதல்வர் மருந்தகம், அதாவது ஜெனரிக் (மூலப்பொருள் பெயரில் வரும் விலை குறைந்த) மருந்துக்கடை தொடங்க, தமிழ்நாடு அரசு தரும் மானியம் 3 லட்சம் என்றதும் எல்லாரும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாதி ரொக்கம், பாதி மருந்து, அவ்வளவுதான். ஆன்லைன் விண்ணப்பமும் அரை மணி நேர வேலை. மாட்டிக்கொண்டது கடை அறையில்.

110 சதுர அடி வேண்டும். மருந்து உரிம விதி கேட்கிற 10 சதுர மீட்டரே 107.6 சதுர அடி என்பதால் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. "பதினொண்ணுக்குப் பதினொண்ணு" என்று கட்டடக்காரர் சொன்னது வெளிச்சுவர் அளவு. ஒன்பது இஞ்ச் சுவரைக் கழித்தால் உள்ளே 9½க்கு 9½, அதாவது 90 சதுர அடி. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உள்ளளவு எடுங்கள்.

அடுத்தது பெயர்ப் பொருத்தம். வீட்டுவரி ரசீது இறந்துபோன அப்பா பெயரில், கரண்ட் கனெக்‌ஷன் தாத்தா பெயரில், ஒப்புதல் கடிதம் தருகிற மகன் துபாயில். நம்ம மாவட்டத்தில் பாதிக் கட்டடம் இப்படித்தான். வாரிசுச் சான்று வேண்டும் என்பதை ஆபீசில் முதல் நடையிலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாம் நடையில்தான் சொன்னார்கள். கரண்ட் பில்லில் வீட்டு உபயோகம் என்றிருந்தால், வணிக இணைப்புக்கு மாற்றிவிட்டுப் போங்கள்.

பார்மசிஸ்ட் திருவனந்தபுரத்தில் படித்துக் கேரள பார்மசி கவுன்சிலில் பதிந்தவரா? தமிழ்நாட்டுக்கு மாற்றிய பிறகே அந்தப் பதிவு இங்கே செல்லும். பழைய கடை உரிமத்தில் அவர் பெயர் நீங்கியதற்குக் கடிதமும் வாங்குங்கள். ஒருவர் பெயர் இரண்டு கடையில் நின்றால் ஃபைல் நகராது.

ஃபிரிட்ஜ் பெரிதாக வேண்டாம், ஆனால் தெர்மாமீட்டர் உள்ளே இருக்கட்டும்: 2 முதல் 8 டிகிரி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இன்வெர்ட்டர் லைனில் ஃபிரிட்ஜைச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்சுலினை ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். உறைந்தால் குப்பைக்குத்தான்.

கடை திறந்த பிறகு வருகிற தலைவலி வேறு. சீட்டில் டாக்டர் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், அதே மூலப்பொருள் உள்ள ஜெனரிக்கைக்கூட நீங்களாக மாற்றிக் கொடுக்க முடியாது. ஷெட்யூல் எச் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துக்கு, மருந்து விதிகளில் உள்ள விதி 65(11ஏ) இதைத் தடுக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர்களிடம், அடுத்த முறை மூலப்பெயரில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டில் "டெல்மிசார்டன் 40" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் கேட்க எளிது.