அட்டை வந்தாச்சு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தை போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வி: "ஏங்கண்ணு, அமெரிக்கா போயும் அடுப்படிதானா?"

என்னோட எச்-4 விசா என்பது வீட்டுக்காரரின் எச்-1பி வேலை விசாவுக்கு வால். அவருக்கு கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்லன்னா எச்-1பி ஆறு வருஷம் தாண்டி நீட்டிப்பாகியிருக்கணும். அப்பதான் நான் வேலை அனுமதி கேட்கிற ஐ-765 படிவமே போடமுடியும். அந்தக் கதவும் 2015 மே மாசம்தான் திறந்தது. இதை விளக்கினா அத்தை, "மாப்பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்க வேண்டியதுதானே"ன்னு முடிச்சுட்டாங்க.

நேத்து தபால் பெட்டியில் கவர். லைசென்ஸ் சைஸ்ல வேலை அனுமதி கார்டு, அதில் எச்-4காரங்களுக்கான சி26 குறியீடு, போட்டோவில் கோழி திருடி மாட்டினவ மாதிரி நான். நம்பரை மறைச்சு அத்தைக்கு அனுப்பினேன்.

"சம்பளம் எவ்வளவு கண்ணு?"

வேலையே இனிமேதான் தேடணும் அத்தை!