காடீ கஹாங் கடீ கரேங்?

திருகோணமலையில, கோணேசர் கோயிலுக்குப் போற பாதையில, கோட்டை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால எங்கட கார் நிண்டுட்டு. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி வெயில், முன்னால நாலு வேன் ஒரு பஸ், பின்னால வரிசையா ஆட்டோ, ஆமிக்காரப் பொடியன் ஒருத்தன் கையை அங்கயும் இங்கயும் காட்டுறான், அவன் எந்த வாகனத்துக்குக் காட்டுறான் எண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல. விடிய மட்டக்களப்புல இருந்து வெளிக்கிட்டு வாகரை, வெருகல், மூதூர் எண்டு ஏ15 ரோட்டால வந்தது, அம்மா பின் சீட்ல கால் வீங்கிப் போய் இருக்கா, மகள் தண்ணி கேக்கிறாள்.

அப்பதான் எங்களுக்கு முன்னால நிண்ட வெள்ளைக் கார்ல இருந்து ஒருத்தர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும், நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு, சேட் முழுக்க வேர்வை. வாடகைக் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இங்கத்த பெர்மிட் எடுத்தா வெளிநாட்டு லைசன்ஸ்காரங்க அப்படி ஓட்டலாம். நேரா என்ட கண்ணாடிக்குக் கிட்ட குனிஞ்சு கேட்டார்: "பாய் ஸாப், காடீ கஹாங் கடீ கரேங்?"

எனக்கு ஹிந்தி தெரியாது. ஸாரி எண்டு சொல்ல வாயெடுத்தன், அதுக்குள்ள அம்மா பின்னால இருந்து சொல்றா, "எங்க எண்டு கேக்கிறார் மனே. கஹாங் எண்டா எங்க. காடி எண்டா வண்டி."

நான் திரும்பிப் பாத்தன். அம்மாக்கு எழுபத்தாறு வயசு, இந்தியாப் பக்கம் போனதே இல்ல, ஆனா சின்ன வயசுல அவவுட அப்பாட கடையில ரேடியோ இருந்தது, அதுல இலங்கை வானொலியின்ட ஹிந்திச் சேவை ஓடிக்கொண்டே இருக்குமாம். இது கன பேருக்குத் தெரியாது. 1952ல இந்திய அரசாங்க வானொலியில சினிமாப் பாட்டுகளக் குறைச்ச நேரம், பாட்டுக் கேக்கிறதுக்காக வட இந்தியா முழுக்க கொழும்பு ஸ்டேஷனத்தான் திருப்பினது, அங்க இருந்த சனத்துக்கு சினிமாப் பாட்டு போனது எங்கட தீவுல இருந்து. அர்த்தம் தெரியாமலே கேட்டு வளந்த பிள்ளைக்கு கஹாங், கப், க்யோங் எண்ட சொல்லுகள் காதுல தங்கி, பிறகு கொழும்புல வேலை செஞ்ச சித்தப்பாட்ட கேட்டு அர்த்தம் தெரிஞ்சுகொண்டாவாம். அறுபது வருஷத்துக்குப் பிறகு அது கோட்டை வாசல்ல உதவிச்சு.

ஆனா எங்க எண்டு கேக்கிறது விளங்கினா மட்டும் போதுமா? நான் கையக் காட்டி "பார்க்கிங், அந்தப் பக்கம்" எண்டன். பார்க்கிங் எண்ட சொல் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போகல்ல. தன்ட காரக் காட்டி, பின் சீட்டக் காட்டி, மேல மலையக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். பின் சீட்ல வெள்ளைச் சீலை உடுத்த வயசான ஒரு அம்மா, மடியில ஒரு ஊன்றுகோல்.

எங்களுக்குப் பின்னால நிண்ட வேன்ல இருந்து ஒரு நாநா, முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், இறங்கி வந்தார். சாரம், வெள்ளைத் தொப்பி, தோள்ல துவாய். வந்த வேகத்துல அவரோட ஹிந்தியில ரெண்டு நிமிஷம் கதைச்சார், பிறகு ஆமிப் பொடியன்ட போய் சிங்களத்துல கதைச்சார், பிறகு என்ட வந்து தமிழ்ல சொன்னார்: "தம்பி, அவர்ட உம்மாவுக்கு நடக்க ஏலாதாம். மேல படிக்கட்டு வரைக்கும் கொண்டு போய் இறக்கிட்டு வந்து காரை இங்க நிப்பாட்டலாமா எண்டுதான் கேட்டிருக்கார். விடுறாங்க. உங்கட அம்மாவையும் அப்படியே ஏத்தி விட்டுட்டு வாங்க."

அந்த நேரம் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செஞ்சது, உண்மையச் சொல்றன். வண்டிய எங்க நிப்பாட்டுறது எண்டு ஒருத்தர் கேக்கிற நேரம் அதுக்குள்ள நாலு கேள்வி ஒளிஞ்சிருக்கு. எவ்வளவு தூரம் போகலாம், நடக்க ஏலாதவங்கள என்ன செய்றது, காசு எவ்வளவு, நிப்பாட்டினா யாராவது ஏசுவாங்களா. பாஷை தெரியாத ஆளுக்கு எங்க எண்ட கேள்விய மட்டும்தான் கேக்க ஏலும், மிச்சம் நாலும் முகத்துல நிக்கும்.

எனக்கு என்ட அப்பாட முகம்தான் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகள்ல அப்பா ஒரு பழைய வேன் வச்சிருந்தார், ஒரு நாள் ஒரு செக் பொயின்ட்ல "பெத்தட்ட தான்ன" எண்டு சொல்லியிருக்கிறாங்க. வாகனத்த ஓரமாப் போடு எண்டு அர்த்தம். அப்பாக்கு சிங்களம் நாலு சொல்தான், நிப்பாட்டச் சொல்றாங்க எண்டு நினைச்சு நடு ரோட்டுலயே நிப்பாட்டிட்டார். பிறகு வாகனத்த அவங்களே தள்ளி ஓரமா விட்டாங்க, அப்பாவ ஒரு மணித்தியாலம் வெயில்ல நிக்க வச்சாங்க. நான் உள்ள இருந்து பாத்துக்கொண்டிருந்தன், எனக்கு ஒன்பது வயசு. தமிழும் அரச கரும மொழி எண்டு 1987ல 13ஆம் திருத்தத்துல எழுதியாச்சு, ஆனா அந்த ரோட்டுல அந்த நேரம் அது அப்பாக்கு உதவல்ல.

அம்மாவையும் அந்த வெள்ளைச் சீலை அம்மாவையும் மேல இறக்கிட்டு நானும் அவரும் கீழ வந்து கோட்டைக்கு வெளிய பக்கத்துப் பக்கத்துல காரை விட்டம். மேல நடந்து போற நேரம் புள்ளிமான் ரெண்டு ரோட்டுக்குக் குறுக்கால நிண்டது, அவர் போன எடுத்து வீடியோ எடுத்தார், மகள் அவருக்கு மான் மான் எண்டு சொல்லிக் குடுத்தாள், அவர் ஹிரண் ஹிரண் எண்டு அவளுக்குச் சொல்லிக் குடுத்தார். பழைய கோயில போர்த்துக்கீசர் இடிச்சு, அந்தக் கல்லையும் வச்சு 1624ல கட்டின கோட்டை இது, பிறகு ஒல்லாந்தர், பிறகு வெள்ளைக்காரன், இப்ப ஆமி.

இந்தியாவுல இருந்து வாற ஆக்கள் எல்லாம் இராவணன் வெட்டு எண்டு சொல்ற மலைப் பாறைப் பிளவப் பாக்கத்தான் வாறாங்க எண்டு நான் நினைச்சிருந்தன். நாநாதான் பிறகு சொன்னார், அதுக்கும் வாறாங்க, ஆனா வயசான ஆக்கள் கனபேர் வாறது சங்கரி தேவிக்காக எண்டு. பதினெட்டு சக்தி பீடத்துட பெயரையும் சொல்ற சுலோகத்துல முதல் வரியே இலங்கையில சங்கரி எண்டுதான் தொடங்குது, அந்தச் சங்கரி இருக்கிற இடம் திருகோணமலை எண்டு அவங்கட நம்பிக்கை. எங்களுக்கு இது தேவாரம் பாடின தலம், அவங்களுக்கு முதலாவது பீடம். 2024ல இந்தியாவுல இருந்து மட்டும் நாலு லட்சத்துக்கு மேல சனம் இலங்கைக்கு வந்திருக்கு, வேற எந்த நாட்டுல இருந்தும் அவ்வளவு பேர் வரல்ல. அதுல ஒரு பங்கு இந்த மலைக்கு ஏறத்தான் செய்யும்.

பூசை முடிஞ்சு கீழ வந்தா நாநா வேனுக்குப் பக்கத்துல நிண்டு பிளேன்டீ குடிச்சுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒண்டு சொன்னார். அவர் கிண்ணியா ஆள். கட்டார்ல பதினொரு வருஷம் லொறி ஓட்டியிருக்கிறார், ரூம்ல அவரோட இருந்த ஆறு பேரும் பீகார்காரங்க, அங்க பழகின ஹிந்திதான் இப்ப சோறு போடுது எண்டார். இந்தியக் குறூப் வந்தா ட்ராவல்ஸ்காரங்க இவரத்தான் தேடுவாங்களாம்.

அந்த ஒரு கேள்விய எனக்குச் சொல்லித் தாங்க எண்டன். டேஷ்போர்ட திறந்து ஒரு கொப்பி எடுத்தார், எண்ணெய்க் கறை பிடிச்ச எண்பது பக்கக் கொப்பி. முழுக்க தமிழ் எழுத்துல ஹிந்தி. எங்கட க ஒண்டுதானே, அவங்களுக்கு நாலு. காடீ எண்டு எழுதினா அது வண்டியா காடிக் கஞ்சியா எண்டு பாத்த உடன தெரியாது. அதுக்கு நாநா ஒரு வழி வச்சிருக்கிறார், அடி வயித்துல இருந்து வாற க எண்டா சிவப்புப் பேனையால கீழ ஒரு புள்ளி, மூச்சுத் தள்ளிச் சொல்ற க எண்டா மேல ஒரு கோடு. காடீக்குக் கீழ புள்ளி, கடீக்கு மேல கோடு. அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல்ல, தானா யோசிச்சு வச்சது, பாக்கப் பாக்க ஆசையா இருந்தது எனக்கு.

"கடீ கர்னா எண்டா நிக்க வைக்கிறது தம்பி. நாங்க நிப்பாட்டுறது எண்டு சொல்றம்தானே, அதேதான்."

பிறகு ஒரு விஷயம் சொன்னார், அதுதான் எனக்குப் புதுசு. ஹிந்தியில வாகனத்துக்கும் ஆண் பெண் இருக்கு. காடீ பெண், கார் பெண், பஸ் பெண், சைக்கிளும் பெண். அதால கடீ. லொறிய ட்ரக் எண்டுவாங்க, அது ஆண், ஆட்டோவும் ஆண், அப்ப கடா. ட்ரக் கஹாங் கடா கரூங் எண்டு கேக்கோணும். கரூங் எண்டா நான் செய்யட்டா, கரேங் எண்டா நாங்க செய்யட்டா. எங்கட பாஷையில வாகனம் எல்லாம் அது, அஃறிணை, அதோட முடிஞ்சுது. பிழையா மாத்திச் சொன்னா என்ன நடக்கும் எண்டு கேட்டன். "ஒண்டும் நடக்காது, விளங்கும். ஆனா சரியாச் சொன்னா அவங்கட முகம் மாறுறதப் பாக்கோணும் நீங்க."

லகானா எண்டு இன்னொரு சொல்லும் இருக்கு, கதைக்கிற நேரம் அதுதான் கூட வருமாம். காடீ ஸைட் மேங் லகா தோ, வண்டிய ஓரமாப் போடுங்க. அப்பாக்கு அண்டைக்குச் சொன்ன அதே வசனம், வேற பாஷையில. அதே வேர்லதான் காசுக்கும் கேக்கிறது, கித்னா பைஸா லகேகா, எவ்வளவு போகும். எவ்வளவு நேரமாகும் எண்டு கேக்கவும் அதே லகேகாதான். இங்க விடக் கூடாது எண்டா யஹாங் காடீ கடீ கர்னா மனா ஹை. வெள்ளைக் கார்க்காரர் கேட்ட அந்த வசனத்தையும் நாநா எழுதித் தந்தார்: மாங் ச்சல் நஹீங் ஸக்தீங், ஊப்பர் தக் ச்சோட் ஸக்தே ஹைங் க்யா. அம்மாவால நடக்க ஏலாது, மேல வரைக்கும் விட்டுட்டு வரலாமா.

வேனை ரிவர்ஸ் எடுக்கிற நேரம் ஆக்கள் பின்னால நிண்டு பஸ் பஸ் எண்டு கத்துவாங்களாம். போதும் போதும், நிப்பாட்டு எண்டு அர்த்தம். அவரோட வேலை செய்ற ஒரு பொடியன் பஸ் வருது எண்டு நினைச்சு இன்னும் கொஞ்சம் பின்னால எடுத்து ஒரு ஹோட்டல் மதில்ல இடிச்சிட்டான், பின் லைட் ரெண்டும் போயிட்டு. இப்ப புதுசா வாற பொடியன்களுக்கு நாநா முதல் சொல்லிக் குடுக்கிற ஹிந்திச் சொல்லே அதுதானாம்.

அந்தப் பக்கத்தக் கிழிச்சு என்ட தந்தார். வேணாம் நாநா, போட்டோ எடுக்கிறன் எண்டன், கேக்கல்ல. "எனக்கு மனப்பாடம், நீங்க வச்சுக்கொள்ளுங்க."

பின்னேரம் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனம். ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு, வாளியால அள்ளி ஊத்தின உடன அம்மாட கால் வலி கொஞ்சம் விட்டது போல எண்டா. வெளிய ரோட்டோரத்துல ஒரு பொடியனும் பிள்ளையும் வாடகை ஸ்கூட்டிய உருட்டிக்கொண்டு, ஹெல்மெட்டையும் கழட்டாம, போர்டுகளப் பாத்துக்கொண்டு நிண்டாங்க. சிங்களம் தமிழ் இங்கிலீஷ் எல்லாம் இருக்கு, ஆனா விடலாமா கூடாதா எண்டு அதுல இல்ல. அவங்க தங்களுக்குள்ள கதைச்சது ஹிந்தி. நான் கிட்டப் போய்ச் சொன்னன்: "இதர் கடா கர் ஸக்தே ஹைங்."

ரெண்டு பேரும் ஒரேயடியாத் திரும்பினாங்க. நாநா சொன்ன முகம் அதுதான். அந்தப் பிள்ளை சிரிச்சிட்டு ஸ்கூட்டியத் தட்டிக் காட்டி, "கடீ" எண்டாள். ஸ்கூட்டர் எண்டா கடாவாம், ஸ்கூட்டி எண்டா கடீயாம். நாநாட பக்கத்துல அத ஓரத்துல எழுதி வச்சிட்டன், சிவப்புப் பேனை இல்ல, மகள்ட பென்சில்தான் இருந்தது.

அடுத்த நாள் திரும்பி வாற நேரம் கிண்ணியாப் பாலத்துல அம்மா மெதுவாப் போகச் சொன்னா. 2009ல திறந்த பாலம், 396 மீட்டர், அதுக்கு முதல் இதுல பாதை எண்டு சொல்ற ஃபெரியிலதான் வாகனம் எல்லாம் கடக்கிறது, அப்பாட வேனும் அதுல ஏறி இறங்கியிருக்கு. அம்மா அந்தக் கடதாசிய மடியில வச்சு விரலால தடவித் தடவி வாசிச்சா, கண்ணாடி போட்டும் புள்ளியையும் கோட்டையும் தேடிக்கொண்டு. கூடாது எண்டதுக்கு என்ன எழுதியிருக்கு மனே எண்டு கேட்டா, மனா ஹை எண்டன். மூதூர் வாற வரைக்கும் மனா ஹை, மனா ஹை எண்டு சொல்லிக்கொண்டே வந்தா.