ஒரு சின்ன அரட்டை அறைக்குள் போக எனக்குப் பத்து நாள்

ஐஆர்சி என்றால் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. 1988-ல் பின்லாந்தில் பிறந்த அரட்டை முறை அது. படம் கிடையாது, லைக் கிடையாது, நாம் இல்லாதபோது பேசியதை மேலே தள்ளிப் பார்க்கவும் முடியாது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது யார் என்ன எழுதுகிறார்களோ அதுதான் உண்டு. கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, லினக்ஸ் சந்தேகங்களுக்காக அதில் பழியாகக் கிடப்பேன். அப்புறம் வேலை, கல்யாணம், வாட்ஸ்அப். ஐஆர்சி எப்போதோ செத்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், ஆள் யாரென்று காட்டாமல் புழங்குவதற்கான ஐ2பி என்ற வலையமைப்பைப் பற்றித் தற்செயலாகப் படித்தபோது, அதற்கு உள்ளேயே 'ஐஆர்சி2பி' என்று ஓர் அரட்டை இன்னமும் ஓடுவது தெரிந்தது. அதன் சர்வர்களுக்கு வெளி இணையத்தில் முகவரியே இல்லை. ஐ2பி மென்பொருளை ஓட்டினால்தான் வாசல் தெரியும். பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை. பாதி பழைய ஆசை, மீதி எரிச்சல். ஒரே ஒரு தடவை முழங்கால் வலி என்று தேடிவிட்டு மூன்று வாரம் தைல விளம்பரம் பார்த்தவன் நான்.

அக்கா மகனிடம் சொன்னேன். "விபிஎன் இருக்கே மாமா, டோர் இருக்கே. இது எதுக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே கடைக்காரரிடம் நம்பி ஒப்படைப்பது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி, அந்தக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. டோர் வேறு மாதிரி. வெங்காயத்தோல் போலத் தகவலை அடுக்கடுக்காக மூடி, தன்னார்வலர்களின் கணினிகள் வழியாக அனுப்பும். வெளி இணையத்துக்குப் பெயர் தெரியாமல் போய்வர அது நல்ல வழி. ஆனால் டோரில் பெரும்பாலானோர் பயணிகள் மட்டுமே, பாரம் சுமப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஐ2பி-யில் உள்ளே வருகிற எல்லோரும் அடுத்தவர் மூட்டையையும் கொஞ்சம் சுமக்க வேண்டும். அது பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே புழங்குவதற்கான இடம். நான் தேடிய அரட்டை அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

டோருக்கு வெங்காயம் என்றால் ஐ2பி-க்குப் பூண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதன் தொழில்நுட்பத்துக்கே 'பூண்டு வழிப்படுத்தல்' என்றுதான் பெயர். பல செய்திகளைப் பூண்டுப் பல் போல ஒரே உறைக்குள் வைத்து அனுப்பும். போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பாதையிலும் மூன்று கணினிகள் இடையில் நிற்கும். நான் எழுதும் ஒரு 'ஹலோ' என் பக்கம் மூன்று, சர்வர் பக்கம் மூன்று என ஆறு வீடு தாண்டிப் போகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இந்தப் பாதைகளைக் கலைத்துப் புதிதாகப் போடுவார்கள்.

அலமாரியில் ஒரு பழைய ராஸ்ப்பெர்ரி பை 3 என்ற கையளவுக் கணினி கிடந்தது. (இனி 'பை' என்றால் மஞ்சள் பை இல்லை.) 24 மணி நேரமும் ஓட வேண்டிய மென்பொருள் இது. லேப்டாப்பில் போட்டால் மூடி மூடித் திறக்கிற ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பையில் ஐ2பி-யை நிறுவினேன். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. பிரவுசரில் 127.0.0.1:7657 என்று அடித்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் வருகிறது. முதல் தடவை வெளியிலிருந்து சில கணினிகளின் பட்டியலை இறக்கிக்கொள்கிறது. அப்புறம் அவர்களிடம் கேட்டு இன்னும் சிலரை, அவர்களிடம் கேட்டு இன்னும் சிலரை. புதுசாகக் குடிவந்த வீட்டில் பால்காரர் யார், தண்ணி வண்டி எப்போது வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரிப்போமே, அதே கதைதான். மைய அலுவலகம் என்று ஒன்று கிடையாது.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், நெட்வொர்க் என்ற இடத்தில் 'ஃபயர்வால்ட்' என்று நின்றது. வெளியிலிருந்து யாராலும் என் பையை நேராக வந்து தட்ட முடியவில்லை என்று அர்த்தம். சரி, மோடத்தில் போர்ட் (உள்ளே வருவதற்கான வாசல்) திறந்துவிட்டால் ஆச்சு என்று உட்கார்ந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. மோடத்தை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். ஐந்தாவது தடவைக்கு முன்னால்தான் மோடத்துக்கு வந்திருக்கும் முகவரியைப் பார்க்கத் தோன்றியது. 100.70 என்று ஆரம்பித்தது. 100.64-லிருந்து 100.127 வரைக்குமான முகவரிகள் பொது இணையத்துக்கு உரியவை அல்ல. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்க ஒதுக்கப்பட்டவை. அடுக்குமாடியில் என் வீட்டுக் கதவை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் கீழே கேட் பூட்டியிருந்தால் யார் வர முடியும்? போர்ட் திறக்கும் வேலை அத்தோடு முடிந்தது.

அந்த ராத்திரி தூங்காமல் படித்ததில் தெரிந்தது, நான் கவலைப்பட்டதே வீண் என்று. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பவர்களுக்காகவே அறிமுகம் செய்துவைக்கும் கணினிகள் ஐ2பி-யில் உண்டு. நாம் முதலில் அவற்றோடு பேசி வைத்துக்கொண்டால், நம்மைத் தேடி வருபவர்களை அவை கோத்துவிடும். இதை முதலில் படித்திருந்தால் ஒரு சாயங்காலம் மிச்சம்.

அம்மாவுக்கு வேறு கவலை. "யார் யாரோ நம்ம வீட்டு வழியா போறாங்கன்னு சொல்றியே, எவனாவது தப்பு தண்டா பண்ணினா போலீஸ் நம்ம வாசலுக்கு வராதா?" என்றார். பூட்டிய பெட்டியை ஒரு வீட்டிலிருந்து வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்கிறோம், அங்கிருந்து அது வெளி இணையத்துக்கு நம் பெயரில் போவதில்லை என்று விளக்கினேன். அப்படிப் போக வேண்டுமானால் நாமாகவே தனியாக ஓர் அமைப்பைத் திறந்து வைக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. அம்மா முழுசாக நம்பிய மாதிரி தெரியவில்லை. "கரண்ட் பில்லு எவ்வளவு வரும்?" என்று கேட்டதோடு பேச்சு முடிந்தது. பில்லை விட டேட்டாதான் எனக்கு உறுத்தியது. நொடிக்கு 100 கிலோபைட் விடாமல் ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 260 ஜிபி. என் திட்டத்தில் அது தாங்கும். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு எல்லாம் பச்சையானது. ஐ2பி-யிலேயே ஐஆர்சிக்கென்று ஒரு சுரங்கம், அதாவது தனிப் பாதை, தயாராக இருக்கிறது. போஸ்ட்மேன், எச்சலான் என்ற பெயர்கொண்ட சர்வர்களுக்கு அது போகும். நாம் தொட வேண்டியது நம் கணினியின் 6668 என்ற போர்ட்டை மட்டும்தான். பையின் 6668-ஐ எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு வழியாக லேப்டாப்போடு இணைத்துவிட்டு, இர்சி என்ற பழைய அரட்டை மென்பொருளைத் திறந்து கனெக்ட் கட்டளை கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி. அப்புறம் கறுப்புத் திரையில் வரவேற்பு வரிகள் மளமளவென்று இறங்கின. இருபது வருடம் கழித்து அதே எழுத்து, அதே நட்சத்திரக் குறிகள். சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அறைக்குள் போனேன். பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தது, பேசிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர். ஆசைக்கு என் மேலேயே ஹூஇஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன். நான் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறேன் என்று அது காட்டும். என் ஐபி முகவரி எங்கேயும் இல்லை. ஊர் இல்லை, இணைய நிறுவனத்தின் பெயர் இல்லை. ஆனால் என் அரட்டைப் பெயருக்குப் பக்கத்தில், அப்பா இனிஷியலோடு சேர்த்து, என் முழுப் பெயர்.

கை சில்லிட்டுப் போயிற்று. லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸை நிறுவியபோது 'உங்கள் முழுப் பெயர்?' என்று கேட்டது, நல்ல பிள்ளையாகக் கொடுத்திருந்தேன். இர்சி அதை அங்கிருந்து எடுத்து, நான் கேட்காமலேயே சர்வரிடம் சொல்லியிருக்கிறது. ஐஆர்சி அந்தக் காலத்து ஏற்பாடு, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அதில் மரியாதை. ஐ2பி-யின் சுரங்கம் எத்தனையோ விஷயத்தை வடிகட்டுகிறது. கணினியின் பெயரை அழிக்கிறது, கோப்பு அனுப்பும் நேரடி இணைப்பைத் தடுக்கிறது, போகும்போது நாம் எழுதும் விடைபெறும் வரியைக்கூட மாற்றிவிடுகிறது. ஆனால் 'உண்மைப் பெயர்' என்ற இடத்தில் நாம் எழுதியதை அப்படியே விட்டுவிடுகிறது. நாமாகச் சொன்னால் அது என்ன செய்யும்?

அது போதாதென்று பழைய பழக்கத்தில் கல்லூரிக்காலப் புனைபெயரையே போட்டிருந்தேன். அதைத் தேடினால் என் பழைய கேள்விகள், மின்னஞ்சல் முகவரி எல்லாம் வரும். ஆறு கணினி தாண்டி, பூண்டு உரித்து, ராத்திரி தூக்கம் கெட்டு, கடைசியில் நெற்றியில் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறேன்.

உடனே வெளியே வந்தேன். அடுத்த நிமிடமே புதுப் பெயரில் உள்ளே போவதும் முட்டாள்தனம். ஒருவர் போனதும் இன்னொருவர் வந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? இர்சியில் பெயர், பயனர் பெயர், உண்மைப் பெயர் மூன்றையும் மாற்றினேன். ஐஆர்சி சுரங்கத்தையும் நிறுத்தித் தொடங்கினேன், அப்படிச் செய்தால் ஐ2பி-க்குள் நம் அடையாளமும் புதிதாகிவிடும். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு லாபம். விடாமல் ஓட ஓட மற்ற கணினிகளுக்கு நம் பையின் மேல் நம்பிக்கை வருகிறது, பாதைகள் சுலபமாகக் கிடைக்கின்றன. முதல் தடவை இருபது விநாடிக்கு மேல் எடுத்த இணைப்பு, பத்தாம் நாள் நாலைந்து விநாடியில் கிடைத்தது.

இந்தத் தடவை முதல் வேலையாக ஹூஇஸ். சுத்தம். பெயரைக் கடவுச்சொல்லோடு பதிவுசெய்துகொண்டேன். பேசிப் பழக இரண்டு நாள் ஆனது. நாம் எழுதியது போய்ச்சேரச் சில விநாடி ஆவதால் கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகிறவர்களை அங்கே யாரும் மதிப்பதில்லை. பதில் மூன்று மணி நேரம் கழித்து வரும், ஆனால் வரும். என் ஃபயர்வால் சந்தேகத்துக்கு அப்படித்தான் ஒருவர் பொறுமையாக ஒன்பது வரி எழுதினார். யார் என்று தெரியாது. அங்கே அது பழகிப்போன விஷயம். 2003-ல் தொடங்கிய ஐ2பி-யையே ஆரம்பத்தில் நடத்தியவர் ஜேரேண்டம் என்ற புனைபெயர்க்காரர். அவர் 2007 கடைசியில் ஒதுங்கிய பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கு மூன்று இசட் மட்டும்தான் பெயர்.

தமிழில் எழுதிப் பார்க்கும் ஆசையும் வந்தது. காலி அறை ஒன்றை நானே திறந்து, தனியாக உட்கார்ந்து எழுதினேன். ஐஆர்சியில் ஒரு வரிக்கு 512 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'நான்' என்ற சொல்லுக்கே ந, கால், ன, புள்ளி என்று 12 பைட் போய்விடுகிறது. ஒரு பழமொழி தாராளமாகப் போகும், ஒரு பத்தியை எழுதினால் இர்சி இரண்டு மூன்றாக நறுக்கிப் போடுகிறது. பொது அறையில் தமிழ் எழுதவில்லை. எந்த மொழி என்று யாராவது கேட்டால் அப்புறம் ஊர், அப்புறம் மணி என்ன என்று போகும்.

இப்படியெல்லாம் ஜாக்கிரதையாக இருந்தவனை மின்வாரியம் காட்டிக்கொடுத்தது. எங்கள் தெருவில் சாயங்காலம் அடிக்கடி பத்து நிமிடம் கரண்ட் போகும். பை 3-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மறுபடி எழும்போது நேரம் பின்தங்கியிருக்கும், மோடம் எழுந்து நேரம் சரியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகினால் ஐ2பி-யில் மற்ற கணினிகள் கை கொடுக்காது. ஆக, பத்து நிமிடக் கரண்ட் கட்டுக்கு நான் அரை மணி நேரம் காணாமல் போவேன். மூன்றாவது தடவை அப்படிப் போய்த் திரும்பியபோது, அதிகம் பேசாத ஒருவர் எழுதியிருந்தார்: மறுபடியும் கரண்ட் போச்சா?

நான் கரண்ட் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே சொன்னதில்லை. பதில் எழுதவில்லை. மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பையையும் மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொன்னேன். "இந்தச் சின்னப் பெட்டிக்கா சார்?" என்றார்.